மேசை வேப்பரைசருக்குத் தண்ணீர்க் குடுவை மாட்டும்போது

மூலிகையை எரிக்காமல் சூட்டுக் காற்றால் ஆவியாக்கி இழுக்க உதவும் கருவி வேப்பரைசர். அதற்கென்று ஒரு கண்ணாடிக் குடுவை வாங்கியதும் பலரும் செய்வது ஒன்றுதான். குடுவையைப் பாதிக்கு மேல் நிரப்புவார்கள், நாலு ஐஸ் கட்டி போடுவார்கள், சூட்டை 220 டிகிரிக்கு ஏற்றிவிட்டு மூச்சைக் கட்டி இழுப்பார்கள். களகளவென்று சத்தம் மட்டும் கேட்கும், வாய்க்கு ஒன்றும் வராது. சூடு போதவில்லை என்று நினைத்து இன்னும் ஏற்றினால் மூலிகை கருகிப் புகை வரும். இதில் சூட்டின் மேல் குற்றமில்லை. காற்று போகும் வழியில்தான் கோளாறு. மூலிகையின் நெருக்கம், பாகங்கள் பொருந்தும் ஜாயிண்டின் கசிவு, தண்ணீரின் ஆழம் ஆகிய மூன்றும் சேர்ந்து இழுப்பைத் தீர்மானிக்கின்றன. இழுப்பு சரியாக அமைந்தால் சூட்டு எண்ணை அடிக்கடி தொட வேண்டியிருக்காது.

வீட்டில் ஆவி பிடித்த எவருக்கும் இந்தக் கருவியின் பாதி வேலை தெரிந்ததுதான். சட்டியில் துளசியையும் தைல (யூகலிப்டஸ்) இலையையும் போட்டுக் கொதிக்கவைத்து, போர்வைக்குள் தலையை நீட்டினால் நீராவி எண்ணெயைச் சுமந்து வருகிறது. தென்னாப்பிரிக்காவின் கடலோர டர்பனில் அந்த நீராவி 100 டிகிரி, ஜோகனஸ்பர்க் உயரத்தில் ஏறத்தாழ 94. வேப்பரைசரில் நீருக்குப் பதில் உலர்ந்த சூட்டுக் காற்று, 130 முதல் 210 டிகிரி வரை. நீராவியால் எழுப்ப முடியாத கனமான எண்ணெய்களையும் அது எழுப்பும். ஆனால் காற்று வறண்டு வருவதால் தொண்டை காயும். அந்தக் காற்றைக் குளிரவைத்துக் கொஞ்சம் ஈரமாக்குவதற்குத்தான் தண்ணீர். நஞ்சை வடிகட்டி நல்லதை மட்டும் கொடுக்கும் மந்திரம் எதுவும் அதில் இல்லை. மூலிகை கருகிய பிறகு எத்தனை குடுவை வைத்தாலும் வருவது புகைதான்.

ஆகவே 170 டிகிரிக்குக் கீழே பயன்படுத்துகிறவர்களுக்குத் தண்ணீரே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஒரு மீட்டர் சிலிகோன் ஓஸே அந்தக் காற்றைப் போதுமான அளவு குளிரவைத்துவிடும். 190-க்கு மேல் போகும்போதுதான் குடுவையின் அருமை தெரியும்.

முதலில் கரண்ட்

தென்னாப்பிரிக்காவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த கருவியின் அடியில் 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால், பிளக்கை மாற்றிச் செருகிவிடாதீர்கள். ஹீட்டர் ஒரே மின்தடை கொண்டது. வோல்ட் இரு மடங்குக்குக் கொஞ்சம் குறைய ஏறினாலும், அது உறிஞ்சும் சக்தி ஏறக்குறைய 3.7 மடங்காகிவிடும். சில விநாடிகளில் ஹீட்டர் போய்விடும், கூடவே மேசையும் கருகலாம். 100–240 என்று எழுதியிருந்தால் பிளக் அடாப்டர் போதும். இல்லையென்றால் கருவியின் வாட்டைவிடக் குறைந்தது ஒன்றரை மடங்கு தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

லோட்ஷெடிங் என்னும் மின்வெட்டு நேரத்துக்கு இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அது தூய சைன் அலை வகைதானா என்று பாருங்கள். மலிவான வகையின் படிக்கட்டு அலையில் ஹீட்டர் சூடாகும், ஆனால் சூட்டைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று குழம்பும். திரையில் 185 காட்டிக்கொண்டே 20 டிகிரி மேலும் கீழும் அலையும். வைஃபை பெட்டிக்கு வைத்திருக்கும் சிறிய யூபிஎஸ் இதற்கு ஆகவே ஆகாது.

கரண்ட் போன மறு நிமிடம் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். டயல் வைத்த பழைய வகைகளுக்கு நினைவு கிடையாது. இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்ட் திரும்பும்போது, யாரும் இல்லாத அறையில் அவை தானாகவே சூடேறத் தொடங்கும். ஐந்தாறு சாமான் ஏற்கெனவே தொங்கும் மல்டிபிளக்கிலும் மாட்டாதீர்கள், நேராகச் சுவரில் செருகுங்கள்.

புதுக் கருவியாக இருந்தால் மூலிகை எதுவும் வைக்காமல், உச்ச சூட்டில் அரை மணி நேரம் ஓடவிட்டு ஆறவிடுங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். தொழிற்சாலை எண்ணெயும் பசையும் எரிந்து போகும்வரை அந்தக் காற்றை மூச்சில் இழுக்கக் கூடாது.

ஜாயிண்ட்

குடுவைகளின் வாய் பெரும்பாலும் இரண்டு அளவில் வரும். கடையில் 14, 18 என்பார்கள், உண்மையில் அகலமான பக்கத்தில் 14.5 மில்லிமீட்டர், 18.8 மில்லிமீட்டர். வெள்ளையாய்ச் சொரசொரப்பாக்கிய அந்தக் கண்ணாடி 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் குறுகிக்கொண்டே போகும். அந்தச் சரிவால்தான் ரப்பரோ கிரீஸோ இல்லாமல் ஆண் முனை பெண் முனைக்குள் இறுகி உட்காருகிறது. இரண்டு பாகமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று ஆண், ஒன்று பெண்ணாகவும் இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் குடுவையின் கோணத்தையும் பாருங்கள், 45 டிகிரி சாய்வா, 90 டிகிரி நேரா என்று. கனமான ஹீட்டர் தலையைச் சாய்வான வாயில் உட்காரவைத்தால் முழுக் கனமும் ஒரு விளிம்பில் விழும். அந்த விளிம்புதான் முதலில் விரிசல் விடும்.

மேசை வேப்பரைசரில் மூன்று குடும்பம் உண்டு. ஓஸ் வைத்து வாயால் இழுப்பது ஒன்று. மின்விசிறியோ பம்போ காற்றைத் தள்ளிப் பையை நிரப்புவது இரண்டாவது. கண்ணாடி அல்லது மாணிக்க மணிகள் நிரப்பிய சூட்டுத் தலையை நேரே குடுவையின் கிண்ணத்தின் மேல் கவிழ்ப்பது மூன்றாவது. முதல் வகைக்கும் மூன்றாவதுக்கும் குடுவை இயல்பாகப் பொருந்தும். இரண்டாவதில் கவனம் தேவை. சிறிய விசிறிக்குத் தண்ணீரின் எதிர்ப்பைத் தள்ளும் பலம் இல்லை. விசிறியை நிறுத்திவிட்டு வாயால் இழுங்கள். பை நிரப்பும் வகையானால், பையை முதலில் நிரப்பி, கருவியிலிருந்து கழற்றி, அதன் வாயைக் குடுவையில் பொருத்தி இழுங்கள்.

ஓஸ் உணவுத் தர சிலிகோனாக இருக்கட்டும், ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம். மீன்தொட்டிக்கு விற்கும் ஒளிபுகும் பிவிசி குழாயை மாட்டுகிறவர்கள் உண்டு. சூட்டில் அது இளகி, பிளாஸ்டிக் வாடையோடு வேண்டாததையும் மூச்சில் சேர்க்கும்.

எல்லாம் மாட்டியதும், ஹீட்டரைப் போடுவதற்கு முன்பே, கசிவு பாருங்கள். மூலிகைக் கிண்ணத்தின் வாயைக் கட்டை விரலால் இறுக மூடிக்கொண்டு மெதுவாக இழுங்கள். ஒரு குமிழியும் எழக் கூடாது, வாய்க்குக் காற்றும் வரக் கூடாது. குமிழி எழுந்தால் தண்ணீருக்கு முந்தைய பகுதியில் கசிவு, அதாவது ஓஸின் இரு முனைகளிலோ கிண்ணத்தின் ஜாயிண்டிலோ. குமிழி எழாமலே வாய்க்குக் காற்று வந்தால் தண்ணீருக்குப் பிந்தைய பகுதியில் கசிவு. வாய்க்குழலின் ஜாயிண்டையும், குடுவையின் பக்கத்தில் விரல் வைக்கும் துளை ஏதும் இருந்தால் அதையும் பாருங்கள். இந்த ஒரு சோதனை அரை நிமிட வேலை. 'மெலிசாக வருகிறது' என்ற புகாரில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

எவ்வளவு தண்ணீர்

குடுவைக்குள் இறங்கும் குழாயின் அடியில் கீறல்களோ சிறு துளைகளோ இருக்கும். அவற்றின் மேல் விளிம்பு மறைந்து அதற்கு மேல் 1 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் போதும். சுண்டுவிரல் நகத்தின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரைக்கு மேல் போனால் பயன் கூடாது, இழுப்புதான் கனக்கும். தண்ணீரின் ஒவ்வொரு சென்டிமீட்டர் ஆழத்தையும் உங்கள் நுரையீரல்தான் தள்ள வேண்டும். மூன்று சென்டிமீட்டருக்கு மேலே நிதானமாக இழுக்கப் பலருக்கும் வராது, வெடுக்கென்று இழுக்கத் தோன்றும். அப்படி இழுத்தால் என்ன ஆகும் என்பதைக் கீழே பாருங்கள்.

அளவு சரியா என்று கண்ணாலேயே தெரியும். மெதுவாக இழுக்கும்போது சோற்றுப் பானை கொதி வருவதற்கு முன் ஓரத்தில் எழும் சிறு குமிழி போல, ஒரே அளவில், ஒரே சீராக எழ வேண்டும். கொதித்துப் பொங்கும் பானை போலக் குலுங்கினால் தண்ணீர் அதிகம், அல்லது இழுப்பு வேகம். கீறல்களில் ஒரு பக்கம் மட்டும் குமிழி வந்தால் குடுவை சாய்ந்து நிற்கிறது. துளி தெறித்து உதட்டில் பட்டால் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

குடுவையின் மொத்தக் கொள்ளளவும் முக்கியம். 200, 250 மில்லிலிட்டர் தாராளம். ஆளுயரக் குடுவை பார்வைக்கு அழகு, ஆனால் மூலிகையின் எண்ணெய் ஆவி அவ்வளவு பெரிய குளிர்ந்த கண்ணாடிச் சுவரைத் தொட்டுக்கொண்டே வரும் வழியில் பாதி அதிலேயே படிந்துவிடும். சில நாள் கழித்து உள்சுவரில் தேன் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். உங்களுக்கு வந்திருக்க வேண்டியதுதான் அங்கே ஒட்டியிருக்கிறது. ஐஸும் இதே காரணத்தால் ஆகாது. தொண்டைக்கு இதமாக இருக்கும், ஆனால் குளிர் கூடக் கூடப் படிவதும் கூடும், குளிர்ந்த காற்றுக்கு ஈரம் சுமக்கும் திறனும் குறைவு. வெதுவெதுப்பான தண்ணீரை, 35–40 டிகிரி, குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில் ஊற்றிப் பாருங்கள். காற்று கொஞ்சம் சூடாக வரும், ஆனால் ஈரமாக வருவதால் இருமல் அடங்கும். முதல் தடவை நம்ப மாட்டீர்கள். ஒரு வாரம் மாறி மாறி வைத்துப் பார்த்தால் ஐஸ் பக்கம் திரும்ப மாட்டீர்கள்.

வெறும் குழாய்த் தண்ணீர் போதும். எலுமிச்சைச் சாறு, புதினா எண்ணெய், மது, இருமல் மிட்டாய் எதுவும் தண்ணீரில் வேண்டாம். எண்ணெய் கலந்த துளிகள் மூச்சோடு நுரையீரலுக்குப் போனால் அங்கேயே தங்கிப் புண்ணாக்கும். தண்ணீரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் ஒரே நாளில் கண்ணாடி வழவழக்கத் தொடங்கும். அது கிருமிப் படலம், அதன் வழியாக மூச்சை இழுக்கக் கூடாது.

இன்னொன்றையும் மறக்காதீர்கள்: குடுவைக்குள் ஒருபோதும் ஊதாதீர்கள். இருமல் வந்தால் முதலில் வாயை எடுத்துவிடுங்கள். ஊதினால் தண்ணீர் குழாயில் ஏறி, ஓஸ் வழியாகச் சூடான ஹீட்டரைத் தொடும். 200 டிகிரிக் கண்ணாடியில் தண்ணீர் பட்டால் படக்கென்று விரிசல் விடும், உள்ளே மின்சாரமும் இருக்கிறது. ஓஸ் வகையில் ஹீட்டரைக் குடுவையின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, ஒரு புத்தகக் கட்டின் மேலாவது தூக்கி வையுங்கள்.

எதை, எந்தச் சூட்டில்

யூகலிப்டஸுக்கும் லாவெண்டருக்கும் 130 டிகிரி, லெமன் பாமுக்கு 142, தைம், சேஜ், சாமந்தித் தேநீருக்கு வைக்கும் கெமோமைல் மூன்றுக்கும் 190 என்பது பொதுவாக வழங்கும் கணக்கு. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எண்ணெய்களின் கொதிநிலை. யூகலிப்டஸின் சினியோல் 176 டிகிரியில் கொதிக்கும், தைமிலும் ஓமத்திலும் இருக்கும் தைமால் 232-இல், துளசியிலும் கிராம்பிலும் இருக்கும் யூஜினால் 254-இல். ஈரத்துணி கொதிக்காமலேயே காய்வது போல, எண்ணெய்களும் கொதிநிலைக்கு வெகு கீழேயே ஆவியாகத் தொடங்கும். அதனால் துளசிக்கு 254 வைக்க வேண்டியதில்லை. 185–195 போதும், 230-ஐ நெருங்கினால் இலையே கருகத் தொடங்கும்.

முற்றத்துத் துளசியைப் பறிப்பதானால் பூ விடும் பருவத்தில், காலைப் பனி உலர்ந்த பிறகு பறியுங்கள். நிழலில், காற்றோட்டத்தில், ஒன்றன்மேல் ஒன்று விழாமல் ஐந்து முதல் ஏழு நாள் உலர்த்துங்கள். பச்சை இலையில் பெரும்பங்கு தண்ணீர்தான், 10 கிராம் உலர்ந்தால் 2 கிராம் தேறும். டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணக் கடற்கரையின் கோடை ஈரத்தில் உலர்வதற்கு முன் பூஞ்சை பிடித்துவிடும். ஜூன், ஜூலை மாதங்கள்தான் இதற்கு ஏற்றவை. வெண்மைப் படலமோ ஊசல் வாடையோ தெரிந்தால் முழுவதையும் குப்பையில் போடுங்கள். பூஞ்சையின் நஞ்சு இந்தச் சூட்டில் அழியாது.

தைல இலை பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கே மலைச்சரிவெங்கும் தோட்டத்தோட்டமாக நிற்கும் மரம் பெரும்பாலும் கிராண்டிஸ் இனம், சினியோல் நிறைந்த குளோபுலஸ் அல்ல. வாசனையும் வேறு, பயனும் வேறு. போதாக்குறைக்குச் சாலையோர இலையில் தூசியும் மருந்துத் தெளிப்பும் இருக்கும். காய்ந்த நிலையில் பெயரிட்டு விற்கும் குளோபுலஸ் இலையை வாங்குவதே நல்லது. டர்பனின் வாரிக் சந்திப்பு மூலிகைச் சந்தையில் நல்ல சரக்கு கிடைக்கும். ஆனால் தாவரத்தின் பெயரை உறுதியாகச் சொல்லக்கூடியவரிடம் மட்டும் வாங்குங்கள். குளிக்கவும் தூபமிடவும் விற்கும் இலையெல்லாம் மூச்சில் இழுக்க உகந்ததல்ல.

நம் வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மூன்று பொருளைக் கிண்ணத்தில் போடவே கூடாது. கற்பூரம்: எளிதில் தீப்பற்றும், மூச்சில் அதிகம் போனால் வலிப்பு வரும், குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து. சாம்பிராணி: பிசின், உருகிச் சல்லடையை அடைத்து, ஹீட்டரில் ஒட்டிக் கருகிக்கொண்டே இருக்கும். மஞ்சள் தூள்: தூள் அப்படியே காற்றோடு நுரையீரலுக்குள் போகும். பூஜை அறைச் சாமான் அங்கேயே இருக்கட்டும்.

கஞ்சா, இங்கே டக்கா, இந்தக் கருவிகளில் அதிகம் பயன்படும் செடி என்பதை மறைக்கத் தேவையில்லை. 2018 செப்டம்பர் 18 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, வயதுவந்த ஒருவர் தம் தனி இடத்தில் தமக்கென வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் வளர்ப்பதும் குற்றமல்ல. இதற்கான சட்டத்தில் குடியரசுத் தலைவர் 2024 மே 28 அன்று கையெழுத்திட்டார். விற்பதும் வாங்குவதும் அந்த அனுமதிக்குள் வராது. குழந்தைகள் இருக்கும் இடத்தில் கூடவே கூடாது, பயன்படுத்திய பின் வண்டியும் ஓட்டக் கூடாது. சூட்டை 180-இல் தொடங்கி 205-இல் முடியுங்கள். முதல் இழுப்புக்குப் பின் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். தண்ணீர் வழியாக வரும்போது தொண்டை எச்சரிக்காது, அதனால் நினைத்ததைவிட அதிகம் உள்ளே போய்விடும்.

ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் எந்த மூலிகையானாலும் இதைத் தவிர்க்க வேண்டும்.

திரையில் தெரியும் எண்ணைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஹீட்டரைத் தொட்டபடி இருக்கும் உணரி ஹீட்டரின் சூட்டைத்தான் சொல்லும், மூலிகையின் சூட்டை அல்ல. மணி நிரப்பிய தலைகளில் கம்பிச்சுருளின் எண் மூலிகைச் சூட்டைவிட 100 டிகிரிக்கும் மேல் கூடுதலாக இருக்கலாம். வேறொருவர் கருவியின் எண்ணை உங்கள் கருவிக்கு வைக்காதீர்கள். குறைவில் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றுங்கள். ஜோகனஸ்பர்க் இருக்கும் கௌதெங் மாகாணத்தின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே ஹீட்டர் அந்த மெலிந்த காற்றை எளிதில் சூடாக்கிவிடும். டர்பனில் பழகிய எண்ணுக்கு ஐந்து டிகிரி கீழே தொடங்குங்கள்.

நிரப்புவதும் இழுப்பதும்

மூலிகையை ரவைப் பதத்துக்குப் பொடியுங்கள். கைக் கிரைண்டரில் ஏழெட்டுச் சுற்று போதும். காப்பி அரைக்கும் மின் கிரைண்டர் ஆகாது, அது மாவாக்கிவிடும். மாவு சல்லடை வழியே ஒழுகித் தண்ணீரைப் பச்சையாக்கும், மீதி அடைத்துக்கொள்ளும். கசக்கினால் நமத்த அப்பளம் போல் மடங்கும் இலையில் ஈரம் அதிகம். கிண்ணத்தில் வைத்து 120 டிகிரியில் இரண்டு நிமிடம், ஒருமுறை இழுத்து வெளியே விட்டுவிட்டுப் பிறகு சூட்டை ஏற்றுங்கள். கௌதெங் குளிர்காலத்தில் இதற்கு நேர்மாறு. தொட்டாலே தூளாகும். மூடிய கண்ணாடி ஜாடியில் 58 அல்லது 62 சதவீத ஈரப்பதப் பொட்டலம் ஒன்றைப் போட்டு இரண்டு நாள் வையுங்கள்.

கிண்ணத்தின் அடியில் துருப்பிடிக்காத எஃகுச் சல்லடை. மேலே 0.15 முதல் 0.25 கிராம். கெமோமைல் போலப் பஞ்சாக இருப்பதை எடை பார்க்க வேண்டாம், ஒரு தேக்கரண்டி. பரப்பிவிட்டு விரல் நுனியால் ஒருமுறை தட்டுங்கள், அமுக்காதீர்கள். அமுக்கினால் காற்று ஓரமாக ஒரு வழி கண்டுபிடித்து அதிலேயே போகும். அரைக் கிண்ணத்துக்கும் குறைவாக இருந்தால் மேலே இன்னொரு சல்லடை வைத்தால் இலை புரளாமல் இருக்கும்.

கருவி குறித்த சூட்டை அடைந்தபின் இன்னும் ஐந்து நிமிடம் காத்திருங்கள். திரை தயார் என்று சொல்லும்போது ஹீட்டர் மட்டும்தான் தயார், சுற்றியுள்ள கண்ணாடி இன்னும் குளிர்ந்தே இருக்கும்.

இப்போது இழுப்பு. ஒரு லிட்டர் காற்றைப் பத்து விநாடியில் இழுத்தால், அதை 20 டிகிரியிலிருந்து 200-க்கு ஏற்ற ஏறக்குறைய 22 வாட் போதும். அதே ஒரு லிட்டரை இரண்டு விநாடியில் இழுத்தால் 108 வாட் வேண்டும். பெரும்பாலான கருவிகளால் நொடியில் அந்த அளவு சூட்டைக் காற்றுக்கு மாற்ற முடியாது. காற்று பாதிச் சூட்டில் மூலிகையைக் கடந்து போய்விடும். வெடுக்கென்று இழுப்பவர்களுக்குக் குமிழி நிறைய வரும், ஆவி வராது. சர்பத்தைக் குழலில் உறிஞ்சும் வேகத்துக்கும் கீழே, மூச்சு விடுவதுபோல மெதுவாக, 10 முதல் 15 விநாடி இழுங்கள். முதல் ஐந்து விநாடியில் ஒன்றும் தெரியாது, குளிர்ந்த இலை அப்போதுதான் சூடாகிறது. பிறகு தண்ணீருக்கு மேல் பால் கலந்த மாதிரி மெல்லிய வெண்மை நிற்கும். கடைசி இரண்டு விநாடிக்குக் கிண்ணத்தைத் தூக்கி, குடுவைக்குள் மிச்சமிருப்பதை வெறும் காற்றோடு இழுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அது பழைய வாடையோடு அடுத்த இழுப்பில் வரும். மூச்சை அடக்கி வைக்க வேண்டாம், இரண்டு விநாடிக்கு மேல் பயனில்லை.

இரண்டாவது இழுப்புக்குப் பின் கிண்ணத்தை எடுத்து ஒரு சிறு எஃகுக் கம்பியால் கிளறிவிடுங்கள். அடுத்த இரண்டு மூன்று இழுப்புக்கு ஒவ்வொன்றாக ஐந்து டிகிரி ஏற்றுங்கள். வாசனை போய் வறுத்த சோளப்பொரி வாடை வரத் தொடங்கினால் முடிந்தது.

முடிந்ததும் சக்கையை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். உங்கள் அமைப்பில் எது கோணல் என்று அதுவே சொல்லும். முழுவதும் ஒரே சீரான காப்பிப்பொடி நிறம் என்றால் எல்லாம் சரி. நடுவில் பச்சை, ஓரம் பழுப்பு என்றால் அமுக்கி நிரப்பியிருக்கிறீர்கள், அல்லது கிளறவில்லை. மேலே கறுப்பு, கீழே பச்சை என்றால் இழுப்புக்கு இடையில் கிண்ணம் ஹீட்டரிலேயே இருந்திருக்கிறது, இழுக்காதபோது எடுத்து வையுங்கள். எங்கும் பச்சையாகவே இருந்தால் சூட்டைத் தொடுவதற்கு முன் கட்டை விரல் சோதனையை மறுபடி செய்யுங்கள். பெரும்பாலும் ஜாயிண்ட் வழியாகக் குளிர்ந்த காற்று புகுந்திருக்கும். கரித்துண்டு தெரிந்தால் அடுத்த முறை பதினைந்து டிகிரி இறக்குங்கள்.

கழுவுவது

தண்ணீரைக் கொட்டி, வெந்நீரில் அலசுவது தினமும். வாரம் ஒருமுறை ஐசோபுரோபைல் ஆல்கஹால், 99 சதவீதம் கிடைத்தால் நல்லது. குடுவையில் 50 மில்லிலிட்டர் ஊற்றி இரண்டு தேக்கரண்டி கல் உப்பு போட்டு, வாய்களை மூடிக் குலுக்குங்கள். உப்பு அதில் கரையாது, அதனால் மணல் போலத் தேய்க்கும். தேன் நிற வளையம் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். சல்லடையையும் கண்ணாடிக் கிண்ணத்தையும் அதிலேயே அரை மணி நேரம் ஊறவையுங்கள். நிறம் சேர்த்த மெத்திலேட்டட் ஸ்பிரிட் வேண்டாம், அதன் மிச்சம் கண்ணாடியில் தங்கும். ஜிக் என்னும் பிளீச் வேண்டவே வேண்டாம். ஆல்கஹாலோடு ஜிக் சேர்ந்தால் குளோரோஃபார்ம் கலந்த நச்சுக் காற்று கிளம்பும். அக்ரிலிக் குடுவையில் ஆல்கஹால் பட்டால் வெடிப்பு விழும், அதற்குச் சூடு குறைந்த சோப்புத் தண்ணீர் மட்டும். சிலிகோன் ஓஸையும் சோப்புத் தண்ணீரில் கழுவித் தொங்கவிடுங்கள். வாடை போகாவிட்டால் மாற்றுவதுதான் வழி.

ஆல்கஹால் சாதாரண அறைச் சூட்டிலேயே தீப்பிடிக்கும் ஆவியை விடும். ஹீட்டர் அணைந்து ஆறியிருக்க வேண்டும், அடுப்பு எரியக் கூடாது. கழுவியதை வெந்நீரில் இருமுறை அலசி, ஒரு நாள் காற்றாட உலரவிட்ட பிறகே மாட்டுங்கள்.

ஜாயிண்ட் ஒட்டிக்கொண்டால் முறுக்காதீர்கள். பெண் முனையை மட்டும் சுற்றி வெந்நீரில் நனைத்த துணியை அரை நிமிடம் பிடியுங்கள். வெளிக்கண்ணாடி விரியும், உள்ளே இருப்பது இன்னும் குளிர்ந்தே இருக்கும், மெல்ல அசைத்தால் கழன்றுவிடும். கழலாவிட்டால் ஜாயிண்டின் விளிம்பில் நாலு சொட்டு ஆல்கஹால் விட்டு இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் அலசிய பின் வெந்நீர்த் துணியை மறுபடி வையுங்கள். பயன்படுத்தாத நாட்களில் ஆண் முனையையும் பெண் முனையையும் பிரித்தே வையுங்கள்.